டெல்டாவில் நுரையீரலைக் காப்பது எப்படி: அடுப்படி முதல் அறுவடைக் களம் வரை

வேலை மாற்றலாகியோ வாழ்க்கைப்பட்டோ தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துவிட்டு ஊர் திரும்பி வயலில் இறங்குகிறவர்களுக்கும் இது எழுதப்படுகிறது. பச்சை வயல், வாய்க்கால், நல்ல காற்று என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆண்டில் பாதி நாள் அது உண்மையும்கூட. ஆனால் முதல் தை மாதத்திலேயே பலருக்கு இருமல் பிடிக்கிறது. மாசி முடிந்தாலும் விடுவதில்லை. "ஊர்த் தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டே இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிடுகிறார்கள். அதற்குள் மூச்சுக்குழாய் இறுகிவிடுகிறது.

இங்கே நுரையீரலைக் கெடுப்பவை பெரும்பாலும் சொல்லிவைத்த மாதத்தில், சொல்லிவைத்த இடத்திலிருந்துதான் வருகின்றன. அதனால் முன்கூட்டியே தடுக்கவும் முடியும். செலவும் அதிகமில்லை. கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். முக்கியமாக, இரண்டாவதை முடிக்காமல் நான்காவதற்குத் தாவாதீர்கள்.

1. எந்த மாதம் எந்தத் தூசி என்று தெரிந்துகொள்ளுங்கள்

புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடை. நெல் ஈரமாக வருவதால் வயலில் தூசி குறைவு. அதை ரோட்டில் கொட்டிக் காயவைத்துக் கிளறும்போதுதான் சுணை பறக்கும். ஐப்பசி பாதியிலிருந்து கார்த்திகை வரை அடைமழை. தூசி இருக்காது, ஆனால் சுவரில் ஓதம் ஏறி பீரோவுக்குப் பின்னால் பூசணம் பூக்கும். மார்கழியில் பனி. இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் கீழே கிளம்பும் புகை மேலே ஏறிக் கலையாமல் தெரு மட்டத்திலேயே தேங்கி நிற்கும். அந்தப் பனி விலகுவதற்குள் போகி வந்துவிடும். போகி முடிந்த கையோடு சம்பா, தாளடி அறுவடை. ஆக, மார்கழி கடைசியிலிருந்து மாசி வரைதான் டெல்டாக்காரர்களின் நெஞ்சுக்கு மிக மோசமான காலம். பங்குனி, சித்திரையில் உளுந்தும் பயறும் அடிக்கும் தூசி, செங்கல் சூளைப் புகை.

ஏற்கெனவே ஆஸ்துமாவோ நாள்பட்ட சளியோ உள்ளவர்கள் மார்கழி பிறந்ததுமே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தடுப்புக்காகக் கொடுக்கும் இன்ஹேலர் ஒரே நாளில் வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தை பிறந்து மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு.

2. அடுப்படியைச் சரிசெய்யுங்கள்

வயல் தூசி சில வாரம்தான். அடுப்புப் புகை வருடம் முழுக்க, தினம் மூன்று வேளை. ஒரு பீடிகூடப் பிடிக்காத பெண்களுக்கு ஐம்பது வயதில் மூச்சு இரைப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். வீட்டில் கேஸ் இருந்தாலும் குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குக் கஞ்சி என்று விறகு அடுப்பு தனியாக எரிந்துகொண்டுதான் இருக்கும்.

கேஸ் இணைப்பே இல்லாத குடும்பம் என்றால், ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்புத் தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் விண்ணப்பியுங்கள். 18 வயது நிறைந்த பெண்ணின் பெயரில்தான் கிடைக்கும். அந்தக் குடும்பத்தில் வேறு யார் பெயரிலும் இணைப்பு இருக்கக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கேஸ் ஏஜென்சிக்குப் போகவேண்டும். பலரும் சிக்குவது ஓர் இடத்தில்: மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். அந்த வீட்டில் இணைப்பு இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். முதலில் பழைய கார்டில் பெயர் நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

விறகு அடுப்பை விடவே முடியாது என்றால் அடுப்பைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். மற்ற எல்லா ஏற்பாட்டையும்விட இது ஒன்றே பெரிய மாற்றம் தரும். இடமில்லாதவர்களுக்குப் புகைபோக்கி. குழாய் கூரையின் முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்வாக விட்டால் காற்று கூரையில் மோதிச் சுழன்று புகையை உள்ளேயே திருப்பித் தள்ளும். பல வீடுகளில் புகைபோக்கி இருந்தும் அடுப்படி கறுத்துக் கிடப்பது இதனால்தான். மழைக்கு மேலே தொப்பி வையுங்கள், ஆனால் குழாய் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவில் அரையடி இடைவெளி வேண்டும். மாதம் ஒரு தடவை கரியைத் தட்டிவிடுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் குழாயையோ ஷீட்டையோ வீட்டில் வைத்து ரம்பத்தால் அறுக்க வேண்டாம். அதில் கிளம்பும் நார்த்தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விடும். அடுப்பு மேல் உள்ள புகை அசையாது. ஃபேன் அடுப்புக்கு மேலே, சுவர் உச்சியில் இருக்கட்டும். காற்று உள்ளே வரும் வழி எதிர்ச்சுவரில், தாழ்வாக இருக்கட்டும்.

விறகைப் பற்றியும் கொஞ்சம். பச்சை மட்டையும் மழையில் நனைந்த பன்னாடையும் காய்ந்த விறகைவிடப் பல மடங்கு புகையும். சித்திரை, வைகாசி வெயிலில் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள். பக்கவாட்டில் மூடினால் காற்றுப் புகாமல் பூசணம் பிடிக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டக்' என்று கணீரென்ற சத்தம் வரவேண்டும். மொத்தையான சத்தம் வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுப்பு பற்றவைக்க மண்ணெண்ணெய் நனைத்த துணி, பால் பாக்கெட், சைக்கிள் டயர்த் துண்டு எதுவும் வேண்டாம். காய்ந்த பாளையும் கொட்டாங்கச்சியும் போதும். அரிசியையும் பருப்பையும் அரைமணி ஊறவைத்தாலே எரியும் நேரம் குறைந்துவிடும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதுகுழலில் ஊதுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

3. கொசுவர்த்தி, சாம்பிராணி, குப்பைத் தீ

ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் சுருளை வைத்துத் தூங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊரில் கொசுவைச் சமாளிக்க ஒரே நல்ல வழி கொசுவலைதான். ஜன்னலுக்கு வலை அடிக்க ஒரு தடவைதான் செலவு; வருடக் கணக்கில் வாங்கும் சுருளோடு ஒப்பிட்டால் இதுதான் மலிவு. மாட்டுக் கொட்டகைக்குப் போடும் வேப்பிலை, நொச்சி மூட்டத்தை வீட்டுக்குக் காற்று வராத பக்கமாகப் போடுங்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டி சாம்பிராணிப் புகையில் காட்டுவது நம் பக்கம் பாட்டிமார் விடாத பழக்கம். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. அந்தப் புகை அதற்குத் தாங்காது. தலை உலரத்தான் என்றால் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். இதைப் பாட்டியிடம் சண்டையாகச் சொல்லாமல், தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதாரச் செவிலியரைவிட்டுச் சொல்லவைத்தால் கேட்டுக்கொள்வார்கள்.

போகியன்று பிளாஸ்டிக், டயர், ரெக்ஸின் எதையும் கொளுத்த வேண்டாம். இளைப்பு உள்ளவர்கள் போகிக்கு முந்தைய இரவே தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியே வாருங்கள்.

இன்னொரு விஷயம், புயல் காலத்துக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதன் பிறகு ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. ஜெனரேட்டரை மூடிய வராண்டாவிலோ திண்ணையிலோ ஓட்டக் கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். ஜன்னலிலிருந்து இருபதடி தள்ளி, திறந்த வெளியில்தான் ஓட வேண்டும்.

4. முகக்கவசம்: எது, எப்படி

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுவது சுணை குத்தாமல் இருக்கத்தான் உதவும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூசி துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்விடும். நனைத்துக் கட்டினாலும் அதே கதைதான். நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரமெல்லாம் இடைவெளி விடுவதால் களத்து வேலைக்கு ஆகாது.

வாங்க வேண்டியது என்95 அல்லது எஃப்எஃப்பி2. உறையிலும் மாஸ்க்கிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐஎஸ் 9473 என்ற எண்ணும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். ஒன்று சுமார் 50 முதல் 150 ரூபாய் வரை இருக்கும். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகையை வாங்குங்கள். அதுதான் முகத்தில் ஒட்டி நிற்கும். முன்னால் சிறு வால்வு வைத்தது வெயிலில் வேலை செய்ய வசதி.

மாட்டும் முறை: மாஸ்க்கை முகத்தில் வைத்து, கீழ்ப் பட்டை கழுத்துக்குப் பின்னால், மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து காற்று புகும். இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று வந்தால் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது; அறுவடை முடியும் வரை மழித்துக்கொள்வது நல்லது. துவைத்தால் வடிகட்டும் சக்தி போய்விடும், ஆகவே துவைக்க வேண்டாம். மூச்சு இழுக்கச் சிரமமானாலோ பட்டை தொய்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். அறுவடைக் களத்தில் ஒன்று, ஒரு நாள் அல்லது இரண்டு நாள்தான் வரும். ஆளுக்குப் பத்து என்று அறுவடைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

இந்த மாஸ்க் தூசிக்கு மட்டும்தான். பூச்சிமருந்து வாடைக்கோ பெயின்ட் தின்னருக்கோ இது தடுப்பே அல்ல.

5. களம், கொள்முதல் நிலையம், வைக்கோல், உமி

பெல்ட் வண்டி (நெல் அறுக்கும் இயந்திரம்) அறுக்கும்போதும், அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இயந்திரம் ஓடும்போதும் நிற்கும் இடம்தான் முக்கியம். தை, மாசியில் இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அதனால் இயந்திரத்துக்கு வடகிழக்கே நில்லுங்கள். தூசி உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். குறுவை அறுவடையின்போது காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவதால் நிற்கும் பக்கமும் மாறும். ஒரு பிடி பதரை மேலே வீசிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் சிக்கல் என்பதால் சாவடியில் கொட்டிக் கொட்டிக் காயவைப்பார்கள். பலகை போட்டுத் தள்ளும் ஆள் அந்த வேலை முழுக்க மாஸ்க்கோடு இருக்க வேண்டும். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. தின்னுங்கள், ஆனால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை நம்பாதீர்கள்.

வைக்கோலைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஈரத்தோடு போர் போட்டாலோ, உருளைக் கட்டு மழையில் நனைந்தாலோ உள்ளே சூடேறிப் பூசணமும் ஒருவகை நுண்ணுயிரும் வளரும். அடிப்போரைப் பிடுங்கும்போது வெண்சாம்பல் மாதிரி பறப்பது அதுதான். அதைச் சுவாசித்தவருக்கு நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வரும். காலையில் போர் பிடுங்கியவர் ராத்திரி காய்ச்சலில் படுப்பார். இடையில் அத்தனை மணி நேரம் போய்விடுவதால் வைக்கோலுக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும்; வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். மறுபடி மறுபடி இப்படி ஆனால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அந்தத் தழும்பு மாறாது. மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு "வைக்கோல் எடுத்த அன்று ராத்திரி" காய்ச்சல் வருகிறது என்றால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

தவிர்க்கும் வழி: நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுவது, தரையில் மட்டையும் கட்டையும் பரப்பி அதன்மேல் ஏற்றுவது, பூசணம் பிடித்ததைத் திறந்தவெளியில் வைத்துப் பிரிப்பது, பிரிக்கும் முன் லேசாகத் தண்ணீர் தெளிப்பது, என்95 போடுவது. மூடிய கொட்டகைக்குள் உதறவே கூடாது.

உமி எரிக்கும் ஆலை, சூளைப் பக்கம் குடியிருப்பவர்கள், அங்கே வேலை செய்பவர்கள் கவனிக்க: உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உலர்ந்த சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தேங்காய் நார் ஆலைகளுக்கும் இதே விதிதான். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காமல், கொல்லையில் மாற்றிக் குளித்துவிட்டு வாருங்கள்.

6. மருந்தடிப்பும் நெல் மூட்டை மாத்திரையும்

பூச்சிமருந்தைக் காலையிலோ மாலையிலோ, காற்று அடங்கியிருக்கும்போது, காற்று முதுகில் படும்படி நடந்து அடிக்க வேண்டும். கரித்தூள் வடிகட்டி வைத்த, ரப்பர் முகப்பு உள்ள கவசம்தான் வாடையைத் தடுக்கும். அதை மாட்டிக்கொண்டும் உள்ளே மருந்து வாடை தெரிந்தால் வடிகட்டி முடிந்துவிட்டது என்று பொருள். களைக்கொல்லியைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பாராகுவாட் வகை ஒரு மடக்கு உள்ளே போனாலும் நுரையீரலை நார்போல இறுக்கிக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது.

வீட்டில் நெல் மூட்டை அடுக்கி, வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அந்த மாத்திரையிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை போல இருக்கும். சில நேரம் வாடையே தெரியாது. ஆள் படுக்கும் அறையில், பக்கத்து அறையில், பரண் மேல், எங்கேயும் போடக் கூடாது. விதைநெல்லுக்கு நன்றாகக் காய்ந்த நெல்லோடு வேப்பிலையோ நொச்சியிலையோ கலந்து இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தாலே வீட்டுத் தேவைக்குப் போதும்.

7. பீடி, சிகரெட்

விடுவதற்கான நாளை அறுவடைக் கூலி வாங்கும் வாரத்திலோ கோயில் திருவிழாவிலோ வைக்காதீர்கள். கூட்டாளிகள் கையில் கட்டு இருக்கும் நாட்கள் அவை. விட்ட முதல் மூன்று நாள்தான் கடினம். அரை வாரத்துக்குப் பின் தலைவலியும் எரிச்சலும் இறங்க ஆரம்பிக்கும். சில வாரங்களுக்கு இருமல் கூடுவது போலத் தெரியும்: மூச்சுக்குழாயின் உட்புறத்தில், புகையில் முடங்கிக் கிடந்த நுண்ணிய மயிரிழைகள் மறுபடி சளியை மேலே தள்ளுகின்றன. "பீடியை விட்டதும்தான் சளி வந்தது, அதனால் மறுபடி பிடித்தேன்" என்று பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிகோடின் சூயிங்கம் மெடிக்கலில் கிடைக்கும். அதைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்றால் விக்கலும் குமட்டலும்தான் வரும். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரைமணி நேரம் இப்படி. மெல்வதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே காப்பி, டீ கூடாது. இலவச ஆலோசனைக்கு 1800112356 என்ற எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறினால் கெடுதல் குறையும் என்பது தவறு. பீடி அணைந்து அணைந்து போவதால் இன்னும் ஆழமாக, அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கும்.

8. எப்போது, எங்கே, எந்தச் சீட்டோடு போவது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். எல்லாம் இலவசம். இரண்டு சளி மாதிரி கேட்பார்கள்: போனவுடன் ஒன்று, மறுநாள் விடியற்காலையில் ஒன்று. அந்த விடியற்காலை மாதிரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சீட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, வீட்டுக்கு வெளியே நின்று, ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியான சளியை எடுக்க வேண்டும். டப்பா மூடியை இறுக மூடி அன்றே கொண்டுபோங்கள்.

நோய் உறுதியானால் சாதாரண வகைக்கு ஆறு மாத சிகிச்சை, மாத்திரை இலவசம். ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பருக்கு முன்பு 500). அதற்கு ஆதாரும் பாஸ்புக் நகலும் வேண்டும். வருடக்கணக்கில் பணம் போடாமல் முடங்கிப்போன கணக்கைக் கொடுத்தால் பணம் வராது. முதலில் வங்கிக்குப் போய்க் கணக்கை உயிர்ப்பித்துவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது மாதத்திலேயே உடம்பு தேறிவிடும், மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரும்.

காசநோய் இல்லை, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தை மாசியில் இரைக்கிறது என்றால் ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனை தேவை. "வயசானா இரைக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். காலை எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் மதியத்துக்குள் முடிக்கலாம். பத்து மணிக்குப் போனால் சோதனை மறுநாளைக்குத் தள்ளும். சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்து புகைபிடிக்கக் கூடாது. இறுக்கமான உடுப்பு வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முழு மூச்சையும் ஒரே வீச்சில் பலமாக ஊதி, ஆறு நொடியாவது விடாமல் தொடர வேண்டும். அரைகுறையாக ஊதினால் முடிவும் அரைகுறைதான்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், பழைய எக்ஸ்ரே, இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டை, என்ன வேலை எத்தனை வருடம் செய்தீர்கள் என்று எழுதிய ஒரு தாள். கடைசியில் சொன்னதை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களாகக் கொடுங்கள். பதினைந்து வருடம் ஆலையில் உமி அள்ளியது எக்ஸ்ரேயில் எழுதியிருக்காது.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உதவும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். உடம்பு முடியாமல் போன பிறகு அலைய முடியாது. நன்றாக இருக்கும்போதே, மழைக்காலத்துக்கு முன் முடித்து வையுங்கள்.

9. பம்ப் கொடுத்தால் பயப்படாதீர்கள்

பம்ப் என்று நாம் சொல்வது இன்ஹேலரைத்தான். "பம்ப் பழகினால் விடமுடியாது" என்ற பயத்தால் மாத்திரையும் ஊசியும் கேட்டு வாங்குகிறவர்கள் இங்கே அதிகம். உண்மையில் மாத்திரையாகவும் ஊசியாகவும் போகும் மருந்துதான் உடம்பு முழுக்கப் பரவும். பம்பில் வரும் அளவு மைக்ரோகிராம் கணக்குதான், நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

அடிக்கும் பம்ப் என்றால்: குலுக்குங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு தடவை அழுத்துங்கள், பத்து நொடி மூச்சைப் பிடியுங்கள், இரண்டாவது தடவைக்கு அரை நிமிடம் காத்திருங்கள். ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய்) வைத்து எடுத்தால் இத்தனை துல்லியம் தேவையில்லை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுதான் சரி. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னேற்றம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் வகை இதற்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்கள் நிறைய. வயிற்றுக்குப் போனால் பயனில்லை. ஸ்டீராய்டு வகை எதுவானாலும் எடுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படை படியும்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும். ஆஸ்துமாவுக்கு மருந்து ஆகாது. கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துக் குழந்தைக்கு ஆவி காட்டுவது வேண்டாம். தவறிக் கவிழ்ந்தால் வெந்துபோகும்.

10. தடுப்பூசியும் நடையும்

ஃப்ளூ ஊசி வருடம் ஒரு முறை, அடைமழைக்கு முன், புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களும் நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்களும் நிமோனியா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு இவை பெரும்பாலும் காசு கொடுத்துப் போடுவதுதான். குழந்தைகளுக்கான நிமோனியா தடுப்பூசி அரசு நிலையங்களில் இலவசம்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம்.

வாரம் 150 நிமிட நடை. மார்கழி, தையில் விடியற்காலை நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். இளைப்பு உள்ளவர்கள் மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைக்கும் அளவுக்கு உதடு குவித்து, இழுத்ததைப் போல இரண்டு பங்கு நேரம் மெதுவாக வெளியே விட்டுப் பழகுங்கள். இதை இரைக்கும்போது புதிதாகக் கற்க முடியாது. நன்றாக இருக்கும் நாளில் தினம் பத்து நிமிடம் பழக வேண்டும்.

11. திணறல் வந்துவிட்டால்

ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, விலா எலும்பு இடுக்கு உள்ளே இழுக்கிறது என்றால் உடனே 108. வண்டி வரும் வரை படுக்கவைக்காதீர்கள். நாற்காலியில் முன்புறம் சாய்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி உட்காரட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பொறுத்து, தேறாவிட்டால் மறுபடி நான்கு. சுற்றிக் கூட்டம் கூடாமல் விலக்கி, அடுப்பு எரிந்தால் அணைத்துவிடுங்கள். மருந்து அட்டை, ஸ்பைரோமெட்ரி சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு வாசல் ஆணியில் எப்போதும் மாட்டி வைத்திருங்கள். வண்டி ஏறும்போது தேட நேரமிருக்காது.